கழற்றிப் போட்ட பட்டு

ஜோதிகா தன் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு எத்தனை டே கேர் வாசலில் போய் நின்றாள் என்று கேட்காதீர்கள், வயிறு எரியும். காஞ்சிபுரத்தில் கோயிலுக்குத்தான் பஞ்சமில்லை என்பார்கள், இப்போது டே கேருக்கும் பஞ்சமில்லை. தெருவுக்கு ஒன்று திறந்து, சுவரில் வாத்தும் ஒட்டகச்சிவிங்கியும் வரைந்து வைத்திருக்கிறார்கள். வாத்தெல்லாம் நன்றாகத்தான் சிரித்தது. உள்ளே இருந்த மேடம்கள்தான் சிரிக்கவில்லை.

முதல் இடத்தில் கண்ணாடிக் கதவு, ஏசி, மேஜை மேல் பிளாஸ்டிக் ரோஜா. அந்த மேடம் எல்லாவற்றையும் தலையாட்டிக் கேட்டுவிட்டு, "வெரி ஸாரி மா. மெடிக்கல் இஷ்யூ இருக்கிற பேபியை ஹேண்டில் பண்ண எங்ககிட்ட ஸ்டாஃப் இல்ல" என்றாள்.

"ஹேண்டில் பண்ண ஒண்ணுமே இல்ல மேடம். ஊசி இல்ல, மருந்து இல்ல. ரெண்டு மூணு பொருள் கிட்ட விடாம இருந்தா போதும். நாலு இட்லி துன்னுட்டு ஓடிக்கினே இருப்பான்."

"அதான்மா, அந்த ரிஸ்க்தான்" என்று எழுந்துகொண்டாள் அவள்.

அடுத்த இடத்தில் நோயைப் பற்றி ஒன்றும் பெரிதாகச் சொல்லவில்லை. "வீடு எங்க?" என்றார்கள். கூரம் என்றாள். "கூரத்துல எந்தப் பக்கம்?" என்றார்கள். காலனி என்றாள். உடனே, "சீட் ஃபுல் ஆயிடுச்சேமா" என்றார்கள். அவர்கள் முதுகுக்குப் பின்னால் பாதி பாய் காலியாகக் கிடந்தது. நோயைக் கேட்டு மூடின வாயா, ஊரைக் கேட்டு மூடின வாயா என்று தெரியாமலே ஸ்கூட்டியைத் திருப்பினாள் ஜோதிகா. தெரிந்திருந்தால் குறைந்தபட்சம் எதற்குத் திட்டுவது என்றாவது புரிந்திருக்கும்.

பிள்ளை பெயர் லோகேஸ்வரன், வீட்டில் லோகு. மூன்று வயது. பார்த்தால் நோயாளி என்று யாரும் சொல்ல மாட்டார்கள். பக்கத்து வீட்டு நாயின் வாலைப் பிடித்து இழுக்கிற பயல். பிறவியிலேயே அவன் ரத்தத்தில் ஒரு சத்து குறைவு, ஜி6பிடி என்று அதற்குப் பெயர். அது குறைந்த பிள்ளைக்குச் சில மாத்திரை ஆகாது, சில பயறு ஆகாது, எல்லாவற்றையும்விட முக்கியமாகப் பாச்சா உருண்டை ஆகாது. பூச்சி அரிக்காமல் இருக்கத் துணிக்கு நடுவில் போட்டு வைக்கிறோமே, வாஷ்பேசினில் கிடக்குமே, அந்த வெள்ளை உருண்டைதான். அதை விழுங்கவே வேண்டியதில்லை. அந்த வாசனை ஏறிய துணி மேலே கிடந்தாலே சில சமயம் போதும். சிவப்பணுக்கள் உடைந்து போகும், மூத்திரம் டிகாஷன் நிறத்தில் வரும், பிள்ளை மஞ்சளடித்து மூச்சுக்குத் தவிக்கும்.

ஜோதிகா இதை எங்கேயும் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. லோகு நடக்கப் பழகின வயதில் மாகறலில் மாமியார் வீட்டுப் பக்கம் ஒரு கல்யாணம். பனி விழுகிறதே என்று யாரோ டிரங்குப் பெட்டியிலிருந்து கம்பளி எடுத்துப் பிள்ளையைச் சுற்றிப் படுக்க வைத்தார்கள். நல்ல மனசோடுதான் செய்தார்கள். ஊருக்குத் திரும்பி வந்ததும் பிள்ளை மூத்திரம் கறுத்தது. சென்னையில் பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடி, ரத்தம் ஏற்றி, ஒரு வழியாக மீட்டுக்கொண்டு வந்தார்கள். "இன்னும் கொஞ்சம் லேட்டா வந்திருந்தா..." என்று டாக்டர் பாதியில் நிறுத்திக்கொண்டார். இது தாய் வழியில் வருகிற குறை என்றும் சொல்லித் தொலைத்தார். விடுவாளா மாமியார்? "எங்க வம்சத்துல இந்தக் கருமம் கிடையாது" என்று அன்றைக்குப் பிடித்தவள் இன்னும் விடவில்லை. பிள்ளையைப் பார்த்துக்கொள்ள வா என்று அவளைக் கூப்பிட வாய் வருமா?

புருஷன் சத்யராஜ் ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் ஒப்பந்த வேலை. ஷிப்ட் மாறிக்கொண்டே இருக்கும், எப்போது வீட்டில் இருப்பான் என்று அவனுக்கே தெரியாது. ஜோதிகாவுக்குக் காந்தி ரோட்டில் ஒரு பட்டுக் கடையில் சேலை விரித்துக் காட்டுகிற வேலை. இதற்கு முந்தின கடையில், பிள்ளைக்காக அடிக்கடி லீவு போட்டாள் என்று நிறுத்திவிட்டார்கள். இந்தக் கடையில் மேற்பார்வை சிட்டிபாபு என்கிற தெலுங்குக்காரர். குரலை உயர்த்தாத மனுஷன்தான். ஆனால் சேர்க்கும்போதே, "புள்ளைக்கு ஒரு ஏற்பாடு பண்ணிகினு வாம்மா. நாளைக்கு வந்து அழுதா நான் ஒண்ணும் செய்ய முடியாது" என்று சொல்லிவிட்டார். ஆக, டே கேர் கிடைத்தால் வேலை. இல்லாவிட்டால் கூரத்தில் உட்கார்ந்து மாமியார் போனில் திட்டுகிற பாட்டைக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

இப்படி அலைந்தவளுக்குத்தான் பிள்ளையார்பாளையத்தில் சங்கரி கிடைத்தாள். சங்கரி வீட்டில் கீழே அவள் மாமனார் கலியாணசுந்தரத்தின் தறி, மாடியில் டே கேர். மத்தியானம் அந்தத் தறிச் சத்தத்திலேயே பிள்ளைகள் தூங்கிப் போகும். மற்ற இடங்களில் சொன்னதையே இங்கேயும் சொல்லிவிட்டு, இல்லை என்ற பதிலுக்குத் தயாராக நின்றாள் ஜோதிகா.

"அட, அவ்ளோதானா? நானும் என்னமோ ஏதோன்னு பயந்துட்டேன்" என்றாள் சங்கரி. உடனே உதவிக்கு இருக்கிற பொம்பளையைக் கூப்பிட்டாள். "காந்தா! பேசின்ல, பாத்ரூம்ல இருக்கிற உருண்டையெல்லாம் பொறுக்கி வெளிய கடாசு. புள்ள எடுத்து வாயில போட்டுக்கினா வம்பு."

"வாயில போட வேணாங்க்கா. அந்த வாசனையே ஆகாது."

"சரி சரி, புரியுதும்மா."

புரியுது என்று சொல்கிறவர்களுக்கு எவ்வளவு புரிந்தது என்று யார் அளந்து பார்க்கிறார்கள்? ஜோதிகா அளக்கவில்லை. அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. மற்ற அம்மாக்கள் எல்லாம் மிஸ் என்று கூப்பிட, அவள் மட்டும் அன்றைக்கே அக்கா என்று கூப்பிட ஆரம்பித்தாள்.

சங்கரி நல்லவள். அதை மறைத்து எனக்கு ஒன்றும் ஆகப் போவதில்லை. லோகுவுக்குத் தனித் தட்டு வைக்கவில்லை, தனிப் பாய் போடவில்லை. பக்கத்து வீட்டில் ஜாடையாக ஏதோ கேட்டதற்கு, "குழந்தைல என்னடி ஜாதி" என்று வாயை அடைத்துவிட்டாளாம். அதைக் காந்தா வந்து ஜோதிகாவிடம் சொன்னாள். பிறகு ஒரு நாள் சங்கரியும் சொன்னாள். இன்னொரு நாள் வேறொரு அம்மாவிடம் சொல்லும்போது ஜோதிகா பக்கத்திலேயே நின்றாள். ஒரு தடவை சொன்னால் அது நல்ல மனசு. திரும்பத் திரும்பச் சொன்னால் என்ன என்று ஜோதிகாவுக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் பிள்ளை சாயங்காலம் சிரித்துக்கொண்டே மாடியிறங்கி வருகிறான். அதற்கு மேல் என்ன வேண்டும்? கேட்கிற இடத்திலா அவள் இருக்கிறாள்?

கடையிலும் நல்ல பெயர் வந்தது. கல்யாணப் பட்டு விரிக்கிற பக்கம் உன்னைப் போடலாம் என்று இருக்கிறேன் என்று சிட்டிபாபு வாயைத் திறந்து சொன்னார். ஜோதிகா வாழ்க்கையில் முதல் தடவையாக நிம்மதியாகச் சாப்பிட்டாள். அதுதான் யாருக்கோ பொறுக்கவில்லை போலிருக்கிறது.

பொங்கலுக்கு முன்னால் டே கேரில் ட்ரெடிஷனல் டே வைத்தார்கள். இப்போது எல்லா இடத்திலும் இந்தக் கூத்து உண்டு. பிள்ளைகளுக்கு வேட்டியும் பாவாடையும் கட்டி மேடையில் நிறுத்திப் போட்டோ எடுத்து, வாட்ஸப்பில் போட்டால்தான் அந்த வருஷம் முடியும். "எல்லாரும் பட்டு போட்டுகினு வரணும், நம்ம ஊர் பேரு என்ன ஆகறது" என்று சங்கரி அறிவித்திருந்தாள். பகலெல்லாம் பட்டை விரித்து மடிக்கிற ஜோதிகா, தன் பிள்ளைக்குப் பேருக்கு ஜரிகை போட்ட ஒரு காட்டன் வேட்டியை வாங்கி, துவைத்து, வெயிலில் காயப்போட்டுக் கொடுத்தனுப்பினாள். யாரும் உற்றுப் பார்க்கப் போவதில்லை என்று நினைத்தாள்.

தை மாச முகூர்த்தத்துக்குக் கடையில் கூட்டம் நெரிந்தது. சிட்டிபாபுவிடம் கெஞ்சிக் கூத்தாடி பர்மிஷன் வாங்கிக்கொண்டு அவள் போய்ச் சேரும்போது மொட்டை மாடியில் பந்தல் நிறைந்துவிட்டது. முன் வரிசையில் கலியாணசுந்தரம் வெள்ளைச் சட்டையும் நெற்றி நிறைய விபூதியுமாக உட்கார்ந்திருந்தார். ஜோதிகா கடைசியில் நின்று எட்டிப் பார்த்தாள். மேடையில் லோகு.

அவள் கொடுத்தனுப்பிய வேட்டியை அவன் கட்டியிருக்கவில்லை. அரக்கு நிறத்தில் ஒரு குட்டிப் பட்டு வேட்டி, இரண்டு பக்கமும் கோபுரக் கரை, அதே கரை வைத்துத் தைத்த சட்டை. சாயங்கால வெயிலில் ஜரிகை தகதகத்தது. கடையில் இப்படி ஒன்றை யாராவது கேட்டால், ஆர்டர் கொடுத்தால்தான் வரும் என்று சொல்லியிருப்பாள்.

சங்கரி மைக்கைப் பிடித்தாள். "எங்க பையன் குமரகுருவுக்குக் காது குத்தும்போது எங்க மாமனார் தன் கையால நெய்தது இந்தப் பட்டு. குமரகுரு இன்னிக்கு காலேஜ் போறான். இத்தன வருஷம் பீரோல பத்திரமா வச்சிருந்தேன், யாருக்கும் குடுத்ததில்ல. இன்னிக்கு நம்ம லோகு கட்டிகினு நிக்கறான் பாருங்க, ராஜா மாதிரி! நம்ம டே கேர்ல எல்லாக் குழந்தையும் ஒண்ணுதான்!"

எல்லோரும் கை தட்டினார்கள். தட்டிக்கொண்டே திரும்பி ஜோதிகாவைப் பார்த்தார்கள். அந்தப் பார்வையில் அவளுக்கு உடம்பு கூசியது, நெஞ்சு நிறைந்தும் போனது. இரண்டும் ஒரே சமயத்தில் ஒருத்திக்கு வருமா என்றால், வரும். என் பிள்ளை பட்டு கட்டியிருக்கிறான் என்று முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"அம்மாவும் மேல வாம்மா, ஒரு போட்டோ" என்று கூப்பிட்டாள் சங்கரி. கூச்சப்பட்டுக்கொண்டே மேடை ஏறி, பிள்ளை முன் மண்டி போட்டு அவனைக் கட்டிக்கொண்டாள். மூச்சை இழுத்தாள்.

அந்த வாசனை!

மாகறல் கம்பளியின் அதே வாசனை, மூக்கைக் குத்தி மண்டைக்குள் ஏறியது. ஒரு கணம், தன் மூக்குதான் பொய் சொல்கிறது என்று நம்பப் பார்த்தாள். அக்கா செய்வாளா? உருண்டையை எல்லாம் பொறுக்கிப் போடச் சொன்ன அக்கா?

"இத எப்போடா கட்டிவுட்டாங்க?" என்றாள் காதில்.

"மத்தியானமே கட்டிட்டாங்கம்மா. இதோடவே தூங்கினேன். பாரு, அழுக்கே பண்ணல!" என்று பெருமையாகச் சொன்னான் லோகு.

பதமாகச் செய்திருக்கலாம் என்று பிறகு எல்லோரும் சொன்னார்கள். சிரித்த முகமாகப் போட்டோவுக்கு நின்று, மெதுவாகக் கீழே இறக்கி, அறைக்குள் கூட்டிப் போய், அக்கா ஒரு நிமிஷம் என்று காதோடு காதாகச் சொல்லியிருக்கலாமாம். சொல்கிறவர்களுக்கு என்ன? பிள்ளை மூத்திரம் கறுத்ததை அவர்களா பார்த்தார்கள்? ஜோதிகாவின் கை அவளைக் கேட்டுக்கொண்டா வேலை செய்தது? சட்டையைப் பிடித்து இழுத்தாள், பொத்தான் தெறித்தது. வேட்டியை உருவினாள். பிள்ளை ஜட்டியோடு நின்று வீல் என்று கத்தினான். மேடையில் இருந்த தண்ணீர் பாட்டிலை எடுத்து அவன் கழுத்திலும் மார்பிலும் ஊற்றித் தேய்த்தாள். கீழே பிள்ளைகள் கைகொட்டிச் சிரித்தார்கள்.

"ஏய், என்னம்மா பண்ற! என்ன ஆச்சு உனக்கு?" என்று ஓடிவந்தாள் சங்கரி. மைக் அவள் கையிலேயே இருந்ததால் அது தெரு முழுக்கக் கேட்டது.

"உருண்டை வாசனை அடிக்குதுக்கா! படிச்சுப் படிச்சுச் சொன்னேனேக்கா உங்ககிட்ட!"

"உருண்டையெல்லாம் எடுத்துட்டேன்டி! உதறி, மடிச்சு, ஒண்ணுகூட இல்லன்னு பாத்துட்டுத்தானே கட்டினேன்!" அவள் குரல் உடைந்தது. "நான் என்ன, உன் புள்ளைய கொல்லவா பாத்தேன்?"

பட்டு நெய்கிற வீடு. பட்டு இருந்தால் பீரோ இருக்கும், பீரோ இருந்தால் உருண்டை இருக்கும். அது அந்த வீட்டில் மூச்சுக் காற்று மாதிரி. உருண்டையை எடுத்த பிறகு மிச்சம் இருப்பது அவர்கள் மூக்குக்கு வாசனையே இல்லை, பட்டின் மணம். சங்கரி பொய் சொல்லவில்லை. அதுதான் வயிற்றெரிச்சல். பொய் சொன்னவளாக இருந்தால் ஜோதிகா நாலு வார்த்தை நறுக்கென்று கேட்டுவிட்டு வந்திருப்பாள்.

"கட்டிப் பழக்கம் இருந்தாத்தானே பட்டோட அருமை தெரியும்" என்று ஒரு குரல் கேட்டது. மங்கையர்க்கரசி. அவள் பெண்ணும் அங்கேதான் வருகிறது. பக்கத்தில் இருப்பவளிடம் சொல்கிற மாதிரி, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னாள். ஒருத்தர்கூட ஏம்மா இப்படிப் பேசுகிறாய் என்று கேட்கவில்லை. கேட்பார்களா? பாதிப் பேர் மனசில் இருந்ததைத்தானே அவள் வாயால் சொன்னாள்.

ஜோதிகா பதில் சொல்லத் திரும்பினாள். அப்போதுதான் கலியாணசுந்தரம் நாற்காலியிலிருந்து எழுந்து மேடைக்கு வந்து, அவள் காலடியில் குனிந்தார். பெரியவர் எதற்குக் குனிகிறார் என்று அவளுக்குப் புரியவில்லை.

"காலை எடும்மா" என்றார்.

அவள் செருப்புக் கால் பட்டின் மேல் இருந்தது. ஈரத்தில் மண் அப்பிக் கோபுரக் கரையில் தடம் பதிந்திருந்தது. காலை எடுத்தாள். அவர் பட்டை எடுத்துத் தட்டி, மடித்து, மார்போடு வைத்துக்கொண்டு கீழே இறங்கிப் போனார். ஐயா, மன்னிச்சுக்கங்க என்று சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் அவர் படி இறங்கிவிட்டிருந்தார். பிள்ளையை அள்ளி முந்தானையில் சுற்றிக்கொண்டு ஓடினாள்.

கிளினிக்கில் டாக்டர் பிள்ளையைப் புரட்டிப் பார்த்துவிட்டு, கழற்றினது நல்லது, இப்போதைக்கு ஒன்றும் தெரியவில்லை, இரண்டு மூன்று நாள் மூத்திரத்தின் நிறத்தைக் கவனியுங்கள், மாறினால் ஒரு நிமிஷம்கூடத் தாமதிக்காதீர்கள் என்றார். கழற்றினது நல்லது என்று இந்த உலகத்தில் சொன்னவர் அவர் ஒருத்தர்தான். அதையும் சங்கரி கேட்கவில்லை.

சத்யராஜ் ஷிப்ட் முடிந்து வந்து எல்லாவற்றையும் கேட்டான். "நீ செஞ்சது சரிதான். ஆனா மேடையிலயா ஜோதி?"

"பின்ன, நல்ல நேரம் பாத்துட்டு, அப்புறமா கழட்டச் சொல்றியா?"

"அதுக்கில்ல. புள்ளைய வுடறதுக்கு நமக்கு வேற இடம் இல்ல பாரு."

அவன் கத்தியிருந்தால் அவளும் கத்தியிருப்பாள். அவன் உள்ளதைச் சொன்னான். அவள் அடுப்படிக்குப் போய் ஒன்றுமில்லாத பாத்திரத்தைத் தேய்த்துக்கொண்டு நின்றாள்.

மறுநாள் சங்கரி போன் செய்தாள்.

"ரெண்டு நாள் புள்ளைய வூட்லயே வச்சுக்கோ. நான் நல்லா யோசிச்சுட்டுத்தான் பேசறேன். அவனுக்கு ஏதாவது ஆச்சுன்னா தப்பு என்னுது. நானே வந்து, எல்லார் எதிர்லயும் உன் கால்ல விழறேன். கண்ணுல வச்சு அவன பாத்துக்கறேன். ஆனா ஒண்ணும் ஆகலன்னு வச்சுக்கோ, அப்ப நீ பண்ணது என்னம்மா? எங்க மாமனார் நேத்திலேருந்து தறில உக்காரல. யார்கிட்டயும் பேசல."

"ஒண்ணும் ஆகலன்னா, அது நான் கழட்டினதாலதாங்க்கா!"

"அத எப்படிம்மா நம்பறது?" என்று கேட்டாள் சங்கரி. குத்தலாகக் கேட்கவில்லை, நிஜமாகவே கேட்டாள்.

என்ன நியாயம் இது, சொல்லுங்கள்! பிள்ளை நோயில் படுத்தால் அம்மா யோக்கியசாலி, இடம் உண்டு. பிள்ளை நன்றாக இருந்தால் அம்மா திமிர் பிடித்தவள், இடம் இல்லை. ஜோதிகா சரிக்கா என்று வைத்துவிட்டாள். கடைக்குப் போன் போட்டு, பிள்ளைக்கு உடம்பு சரியில்லை என்று சொன்னாள். சிட்டிபாபு, "திங்கக்கிழமை வந்துடும்மா. கல்யாணப் பக்கம் வேற பொண்ண நிக்க வச்சிருக்கேன், இப்போதைக்கு" என்றார். இப்போதைக்கு என்ற வார்த்தையை அவர் மெதுவாகத்தான் சொன்னார்.

அந்த இரண்டு நாளும் ஜோதிகா பிள்ளையை வெள்ளை மக்கில் மூத்திரம் போக வைத்து, வாசலுக்குக் கொண்டுவந்து வெளிச்சத்தில் பார்த்தாள். ஒவ்வொரு தடவையும் தெளிவாக இருந்தது. சாமி, என் குலசாமி என்று கும்பிட்டுவிட்டுக் கொட்டினாள். லோகுவுக்கு இது விளையாட்டாகிவிட்டது. "மா, கலர் பாக்க வா!" என்று கத்துவான். அவள் பார்த்துவிட்டு, "சூப்பர்டா செல்லம்" என்று முத்தம் கொடுப்பாள். முத்தத்துக்காகவே தண்ணீரைக் குடித்துக் குடித்துப் போனான் பயல்.

ஆனால் ஒவ்வொரு தடவை கொட்டின பிறகும் உள்ளே ஒரு கணக்கு ஓட ஆரம்பித்தது. அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை, சொல்கிற விஷயமா அது? இன்னும் ஒரு நாள் இப்படியே போனால் டே கேர் போய்விடும். டே கேர் போனால் கடை போய்விடும். மறுபடி கண்ணாடிக் கதவு, பிளாஸ்டிக் ரோஜா, கூரத்துல எந்தப் பக்கம். சங்கரி சும்மா இருப்பாளா? ஊரில் இருக்கிற டே கேர் மிஸ்ஸுங்க எல்லாம் ஒரே வாட்ஸப் குரூப்.

கடைசி நாள் காலையில் சங்கரி போன் அடித்தாள். "என்னம்மா, புள்ள எப்படி இருக்கான்? இன்னிக்கு ஒரு முடிவு சொல்லிடலாம்."

"இப்பதாங்க்கா எழுந்தான். லைன்லயே இருங்க, பாத்துட்டுச் சொல்றேன்" என்றாள் ஜோதிகா.

லோகு தூக்கக் கலக்கத்தோடு மக்கில் போனான். அவள் ஒரு கையில் போனும் ஒரு கையில் மக்குமாக வாசலுக்கு வந்தாள். நல்ல வெயில் வந்திருந்தது. குனிந்து பார்த்தாள். தண்ணீர் போலத் தெளிவாக, அடியில் மக்கின் வெள்ளை தெரிகிற அளவுக்குச் சுத்தமாக இருந்தது.

"ச்சே" என்றாள்.

சொன்ன பிறகுதான், சொன்னது தன் வாய் என்று அவளுக்கே தெரிந்தது. பெற்ற பிள்ளைக்கு ரத்தம் உடையவில்லையே என்று ஏங்கின வாயை என்ன செய்வது? எந்தக் கல்லில் கொண்டுபோய் மோதிக்கொள்வது?

பின்னாலேயே வந்து முத்தத்துக்கு நின்றுகொண்டிருந்த லோகு அவள் முகத்தை அண்ணாந்து பார்த்தான். அவன் உதடு பிதுங்கியது.

"நான் தப்பா போயிட்டேனாம்மா?" என்று கேட்டான்.

போனில் சங்கரி, "என்னம்மா, என்ன சத்தம்? எப்படி இருக்குது?" என்றாள்.

ஜோதிகா மக்கைக் கீழே வைத்துவிட்டு, பிள்ளையின் தலையைத் தன் தொடையோடு சேர்த்து அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

"நல்லாத்தாங்க்கா இருக்கான்" என்றாள், திருடியதை ஒப்புக்கொள்கிறவள் குரலில். "அவனுக்கு ஒண்ணுமே ஆகல."